தப்பான படங்களையும் சேர்த்து அனுப்பு

லலிதாம்பாள் காய்கறிப் பையைக் கூடத்தில் வைத்தாள். வைத்த வேகத்தில் இரண்டு தக்காளி உருண்டு கட்டிலுக்கு அடியில் போயின. அவற்றை எடுக்க அவள் குனியவில்லை.

"ரம்யா, நான் உசுரோடதான இருக்கேன்?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் ரம்யாஸ்ரீ தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா கேள்வி இது?"

"அவனியாபுரம் ரோட்டு முக்குல என் மூஞ்சியப் போட்டு பேனர் வச்சிருக்காங்க. இம்புட்டு உசரம். கண்ணீர் அஞ்சலின்னு எழுதியிருக்கான்னு பார்த்தேன். அப்படி ஒண்ணும் காணோம். ஆனா மூஞ்சி என் மூஞ்சிதான்."

வீட்டுக்குள் அவர்கள் பேசுவது சௌராஷ்ட்ரம். அன்றைக்கு இருந்த படபடப்பில் அம்மா கடைவீதித் தமிழை வாசலில் விடாமல் உள்ளே கொண்டுவந்துவிட்டாள். அவள் பயத்திலும் நியாயம் இருந்தது. மதுரையில் ஒரு சாதாரண மனுஷியின் முகம் ஆள் உயரத்துக்கு முச்சந்தியில் நிற்கிறதென்றால், ஒன்று அவள் பேரனுக்குக் காதுகுத்தாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அவள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். லலிதாம்பாளுக்குப் பேரன் கிடையாது.

ரம்யாஸ்ரீ எண்ணெய்த் தலையோடு துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு நடந்தாள். வில்லாபுரத்திலிருந்து அந்த முக்குக்கு எட்டு நிமிஷ நடை. டீக்கடைக்குப் பக்கத்தில், ஒரு கட்சிக்காரரின் பிறந்தநாள் வாழ்த்துக்கும் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்கும் நடுவே, அம்மா இருந்தாள்.

கண் ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் அம்மா. இடது கண்ணை மறைத்துப் பச்சைத் துணி. ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளிச்சம் வரும் பக்கம் முகத்தைத் தூக்கியிருக்கிறாள். மூக்கின் பக்கவாட்டில் அந்தப் பச்சைத் துணியின் சாயல் மெல்லிசாக விழுந்திருக்கிறது. அந்த ஒரு சாயலைக் கொண்டுவர ரம்யாஸ்ரீக்குப் பதினொரு நாள் பிடித்தது.

படத்துக்குக் கீழே எழுதியிருந்தது: 'டிஜிட்டல் ஓவியம். ஆரம்ப நிலையினருக்கான ஒருநாள் பயிற்சி. நடத்துபவர்: பிரபல டிஜிட்டல் ஓவியர் மதுவந்தி கிரிதர், பெங்களூரு.' அதற்கும் கீழே சின்ன எழுத்தில் 'ஓவியம்: கிராமத்து மூதாட்டி – மதுவந்தி.'

டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "என்னம்மா, தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார்.

"எங்கம்மா" என்றாள் ரம்யாஸ்ரீ. அவர் கேட்டது எந்த முகத்தைப் பற்றி என்பது அவளுக்குப் பிறகுதான் யோசனை வந்தது. பேனரின் மூலையில் மதுவந்தியின் போட்டோவும் இருந்தது. தலைமுடியைத் தோள் வரை வெட்டியிருந்தாள். சிரிப்பு மட்டும் மாறவில்லை.

நான்கு வருஷத்துக்கு முன்னால், இரண்டாயிரத்து நான்கில், டவுன்ஹால் ரோட்டில் ஒரு மல்டிமீடியா சென்டரில்தான் இரண்டு பேரும் பழக்கம். மதுவந்தி வடக்கு ஆவணி மூல வீதி. அப்பா பள்ளிக்கூட வாத்தியார், வீடு நிறையப் புத்தகம், வாய் நிறைய இங்கிலீஷ். ரம்யாஸ்ரீ ஒரு கலர் லேபில் கல்யாண ஆல்பம் தயார் செய்கிற வேலையிலிருந்தாள். மாப்பிள்ளையின் பருவை நீக்குவது, பெண்ணுக்குப் பின்னால் பனிமலையை வைப்பது, கூட்டத்தில் கண் மூடியவர்களுக்கு வேறு போட்டோவிலிருந்து கண்ணை எடுத்துப் பொருத்துவது. சென்டரில் போட்டோஷாப் வகுப்பு நடத்திய ஆளுக்கே டிஜிட்டல் ஓவியம் என்றால் என்னவென்று தெரியாது. 'ஃபில்டர் போட்டா பெயிண்டிங் மாதிரி வந்துரும்' என்பதோடு அவருடைய பாடம் முடிந்தது. இணையத்தில் யாரோ வெளிநாட்டுக்காரர்கள் வெறும் திரையில் முகங்களை வரைந்து போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, நாமும் வரைவோம் என்று இந்த இருவரும்தான் இறங்கினார்கள்.

கம்ப்யூட்டரில் பேனாவால் வரைய உதவுகிற பேனா டேப்லெட் வாங்குகிற வசதி ரம்யாஸ்ரீக்கு இல்லை. வீட்டில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் மவுஸிலேயே வரைந்தாள். கோடு இழுத்தால் நண்டு ஊர்ந்த மாதிரி வரும். அதனால் கோட்டை விட்டுவிட்டு, பெரிய பிரஷ்ஷை எடுத்து வெளிச்சத்தையும் நிழலையும் திட்டுத்திட்டாக வைக்கப் பழகினாள். ஆறு மாசம் கலரே தொடவில்லை. கறுப்பு, வெள்ளை, நடுவில் நாலைந்து சாம்பல். மூக்கு எலும்பு மேலே எவ்வளவு வெளிச்சம், கீழே எவ்வளவு இருட்டு என்பது கைக்கு ஏறிய பிறகுதான் கலருக்குப் போனாள். மதுவந்திக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. இமைமுடி ஒவ்வொன்றாகப் போடுவாள். தள்ளி நின்று பார்த்தால் கண் ஒரு பக்கமும் மூக்கு ஒரு பக்கமும் கோணிக்கொண்டு நிற்கும். விழுந்து விழுந்து சிரிப்பாள். "எனக்குப் பார்க்கத்தான் தெரியறது, வரைய வரலைடி" என்பாள்.

சனிக்கிழமைகளில் அவள் வில்லாபுரம் வந்துவிடுவாள். லலிதாம்பாள் கல்யாண முருங்கை வடை தட்டிப் போடுவாள். "ஆத்துல இதெல்லாம் பண்ண மாட்டா மாமி" என்று மதுவந்தி ஏழு, எட்டு என்று உள்ளே தள்ளுவாள். ரம்யாஸ்ரீக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. அந்தக் குறை அந்த இரண்டு வருஷம் அவளுக்குத் தெரியவில்லை.

கிரிதரைக் கல்யாணம் செய்துகொண்டு மதுவந்தி பெங்களூருக்குப் போனாள். அதன் பிறகு மெயில். லேபில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரம்யாஸ்ரீ தமிழில் தட்டுவாள். அந்த வாரம் என்ன பிடிபட்டது, என்ன பிடிபடவில்லை, எங்கே விழுந்தாள், எப்படி எழுந்தாள், எல்லாம். படத்தை இடம் வலமாகத் திருப்பிப் பார்த்தால் முகத்தின் கோணல் பளிச்சென்று தெரிகிறது என்று கண்டுபிடித்த அன்று இரண்டு பக்கம் எழுதினாள். மதுவந்தி உடனே பதில் போடுவாள். "இன்னும் விவரமா எழுதுடி. நான் ஒரு மண்டு. முடிஞ்ச படம் மட்டும் பார்த்தா எனக்கு ஒண்ணும் புரியலை. தப்பான படங்களையும் சேர்த்து அனுப்பு."

அனுப்பினாள். கழுத்தில்லாத முகங்கள், கரி பூசின கன்னங்கள், மாறுகண் விழுந்த அம்மா. வேறு யாருக்கும் காட்டக் கூசுகிற படங்கள் அத்தனையும் பெங்களூருக்குப் போயின. தலைப்பிரசவத்துக்கு மதுவந்தி மதுரை வந்திருந்தபோது, ஒரு பென்டிரைவைக் கொடுத்து, "எல்லாத்தையும் போட்டுக் குடு, குழந்தை தூங்கற நேரத்துல பார்த்துக் கத்துக்கறேன்" என்றாள். ஒன்றின் மேல் ஒன்றாக வரைந்த லேயர்களை ஒன்றாக்காமல், மூல ஃபைல்களாகவே ரம்யாஸ்ரீ போட்டுக் கொடுத்தாள். அதற்கப்புறம் மெயில் குறைந்தது. கைக்குழந்தைக்காரி, நேரம் இருக்காது என்று ரம்யாஸ்ரீயே அவளுக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பேனரில் மதுவந்தி இணையத்தில் எழுதுகிற ஒரு பிளாக்கின் முகவரியும் இருந்தது. திங்கட்கிழமை லேபில் அதைத் திறந்தாள்.

'டிஜிட்டல் ஓவியம் பழகுவோம்.' நாற்பத்திரண்டு பதிவுகள். முதல் பதிவின் முதல் வரி: 'கோடு வரவில்லையா? விட்டுவிடுங்கள். எனக்கும் நண்டு ஊர்ந்த மாதிரிதான் வந்தது.'

அவள் கீழே போகப் போக அவளுடைய மதியச் சாப்பாட்டு நேரங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 'நிழலுக்குக் கறுப்பைத் தொடாதீர்கள்.' 'பக்கத்தில் போய் இமைமுடி போடாதீர்கள். தூரத்தில் வைத்து முகத்தைப் பிடியுங்கள்.' இமைமுடி போட்டவள் யாரோ, அவளே அதைப் போடாதே என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். தன் அப்பாவின் வேட்டி மடிப்பை வரைந்து பழகியதைப் பற்றி ரம்யாஸ்ரீ எழுதியிருந்தாள்; அங்கே அது 'என் கணவரின் சட்டை மடிப்பு' ஆகியிருந்தது. மற்றபடி ஒரு கமாவைக்கூட மாற்றவில்லை.

ஒரு பதிவுக்கு நூற்றுப்பத்து பேர் நன்றி சொல்லியிருந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து ஒருவர், 'உங்கள் தவறுகளை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்கிறீர்களே, அந்த மனசு யாருக்கு வரும்' என்று எழுதியிருந்தார். மதுவந்தி அதற்குக் கீழே, 'நம் தப்பை நம்பகமான ஒருவரிடமாவது காட்ட வேண்டும், அப்போதுதான் வளர்வோம்' என்று பதில் சொல்லியிருந்தாள். அதுவும் ரம்யாஸ்ரீயின் வாக்கியம்தான். பொங்கல் வாழ்த்தோடு அனுப்பிய மெயிலில், உன்னிடம் காட்டுவதால்தான் வளர்கிறேன் என்று சொல்வதற்காக எழுதியது.

அதையெல்லாம்கூட அவள் பொறுத்திருப்பாள். கடைசியில் இருந்த பதிவைத்தான் பொறுக்க முடியவில்லை. இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில். இடது பக்கம், மாறுகண் விழுந்த அம்மா. 'ஒரு தோழியின் ஆரம்ப முயற்சி. இதில் உள்ள ஒன்பது தவறுகளைப் பார்ப்போம்.' வலது பக்கம், பேனரில் இருந்த அம்மா. 'அதே முகத்தை நான் திருத்தி வரைந்தது.'

அன்று சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். லலிதாம்பாள் கடைசி வரை கேட்டாள். பிறகு, "கிராமத்து மூதாட்டியா? நான் பொறந்தது தெற்கு மாசி வீதியில. அவளுக்குத் தெரியாதா?" என்றாள். அவள் மனசு அங்கேதான் போய் நின்றது. "ஒருவேளை அவ பேரையும் உன் பேரையும் சேர்த்துப் போட்டு, பேனர்காரன் மாத்திட்டானோ என்னமோ. நேர்ல போய்க் கேளு. நம்ம வீட்டுல சாப்பிட்ட பொண்ணு."

ரம்யாஸ்ரீக்குள்ளும் அந்த ஒரு இழை நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்காகத்தான் போனாள்.

தல்லாகுளத்தில் ஒரு சின்ன ஹால். முப்பது பேர் இருக்கும். பாலிடெக்னிக் மாணவர்கள், இரண்டு மூன்று குடும்பத்துப் பெண்கள், மிச்சமெல்லாம் பேனர் கடைகளில் டிசைன் செய்கிறவர்கள். ரம்யாஸ்ரீ கடைசி வரிசையில் ஒரு தூணை ஒட்டி உட்கார்ந்தாள். மேடையில் மதுவந்தி லேப்டாப், புரொஜெக்டர், பேனா டேப்லெட் சகிதம் நின்றாள். மைக் அவள் கையில் அழகாக உட்கார்ந்தது. நன்றாகப் பேசினாள். எந்த இடத்தில் சிரிக்க வைக்க வேண்டும், எந்த இடத்தில் குரலை இறக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நண்டு ஊர்ந்த கதைக்குச் சபை சிரித்தது. ரம்யாஸ்ரீயின் உதடும் பழக்கதோஷத்தில் லேசாக விரிந்தது. பிறகு அவளுக்கே அது அசிங்கமாக இருந்தது.

முன்வரிசையில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் எழுந்தான். "மேடம், என் பேரு சோணைமுத்து. ஊரு டி. கல்லுப்பட்டி. இங்க பேனர் கடையில டிசைனர். நான் மூஞ்சிக்கு நெழல் போட்டா, அடுப்புக்கரிய அப்புனாப்ல ஆயிருது மேடம். கறுப்ப எடுக்கக் கூடாதுன்னு உங்க பிளாக்ல படிச்சேன். சரி, கறுப்ப எடுக்கல. அப்ப எதத்தான் எடுக்குறது?"

மதுவந்தி சிரித்தாள். "பிராக்டிஸ் பண்ணப் பண்ணத் தானா வரும் சார்."

"அது சரிங்க மேடம். ஆனா எந்தக் கலரு?"

"அது ஒவ்வொரு முகத்துக்கும் மாறும். உங்க கண்ணை நம்புங்க." அடுத்த ஸ்லைடுக்குப் போவதற்காக அவள் குனிந்தாள். மெயிலில் இல்லாததை அவளால் சொல்ல முடியவில்லை. சோணைமுத்து உட்காராமல் நின்றான். ராத்திரி பகலாக மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி என்பது அவன் நின்ற விதத்தில் தெரிந்தது. அந்த இடத்தில் மாசக்கணக்கில் தானும் நின்றிருக்கிறோமே என்று நினைத்தாள் ரம்யாஸ்ரீ. வாய் தானாகத் திறந்தது.

"அண்ணே, தோல் கலரையே எடுங்க. அதை இருட்டாக்கும்போதே கொஞ்சம் சிவப்புப் பக்கம் நகர்த்துங்க. வெளிச்சம் முடிஞ்சு நிழல் ஆரம்பிக்கிற ஓரத்துலதான் சிவப்பு அதிகம் இருக்கும். உள்ள போகப் போக, பக்கத்துல என்ன இருக்கோ அதோட கலர் கொஞ்சம் ஒட்டும். செவரு நீலம்னா நீலம், துணி பச்சைன்னா பச்சை. தேய்க்கிற டூலைத் தொடாதீங்க. தேய்ச்சாத்தான் எல்லாம் கலந்து சேறாகும்."

முப்பது தலைகளும் திரும்பின. மதுவந்தியின் முகத்தில் ஒரு கணம் ரத்தமே இல்லை. ஒரு கணம்தான். அடுத்த கணம் கையை அகல விரித்துச் சிரித்தாள்.

"ரம்யா! வந்திருக்கியா! ஃப்ரெண்ட்ஸ், இவ ரம்யாஸ்ரீ. என்கிட்ட ஆரம்பத்துல கத்துண்டவ. நல்ல டேலன்ட். குடும்பச் சூழ்நிலை, தொடர முடியலை. இருந்தாலும் நான் சொன்னதை எவ்வளவு ஞாபகம் வச்சிருக்கா பாருங்கோ. ஒரு கைதட்டல் குடுக்கலாமே!"

கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்த ஒரு பெண் பாவப்பட்டு ரம்யாஸ்ரீயின் கையைத் தொட்டாள். மதுவந்தி கைதட்டல் ஓயும் முன்பே அந்த இரண்டு படங்களையும் திரையில் போட்டாள். "இடது பக்கம் இருக்கறது இவ போட்டதுதான். தப்பு பண்ண வெட்கப்படக் கூடாதுங்கறதுக்கு இவதான் எனக்கு உதாரணம்."

ரம்யாஸ்ரீ எழுந்து நின்றாள். "ரெண்டும் நான் வரைஞ்சது, மது."

பாதிப் பேர் அவளைப் பார்த்தார்கள், பாதிப் பேர் திரையைப் பார்த்தார்கள்.

"மூதாட்டி இல்ல. எங்கம்மா. லலிதாம்பாள். நீ சனிக்கிழமை சனிக்கிழமை அவங்க கையால சாப்பிட்டிருக்க. இந்தப் பிளாக்ல இருக்கிற அத்தனையும் நான் உனக்கு எழுதின மெயில்."

மதுவந்தி மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்கி, எல்லாருக்கும் கேட்கிற மெல்லிய குரலில் சொன்னாள். "ரம்யா, நீ வருத்தத்துல பேசறே. எனக்குப் புரியறது. சரி, நீதான் வரைஞ்சேன்னா, வா. டேப்லெட் இருக்கு. எல்லார் முன்னாடியும் ஒரு மூக்கு வரைஞ்சு காட்டு. பத்தே நிமிஷம்."

ரம்யாஸ்ரீ நடந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தாள். பேனாவைக் கையில் எடுத்த பிறகுதான் புரிந்தது. அந்தப் பேனாவை அவள் வாழ்க்கையில் தொட்டதில்லை. கை மேஜையில் இருக்க, கண் திரையில் இருக்க, கோடு மூன்றாவது இடத்தில் விழுந்தது. அழுத்தினால் கறுத்தது, விட்டால் காணாமல் போனது. அம்மாவின் மூக்கைப் போடப் போய் ஏதோ கத்தரிக்காய் மாதிரி ஒன்று பெரிய திரையில் எல்லார் முன்னாலும் வளர்ந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"மவுஸ் இருக்கா?" என்று கேட்டாள்.

"மவுஸ்லயா?" என்றான் ஒரு பாலிடெக்னிக் பையன். "மவுஸ்ல யாரு இதெல்லாம் வரைவா?" சிரிப்பு இன்னும் கொஞ்சம் பரவியது.

ரம்யாஸ்ரீ நிமிர்ந்து மதுவந்தியைப் பார்த்தாள். ரம்யாஸ்ரீ மவுஸில்தான் வரைகிறாள் என்று அந்த ஹாலில் தெரிந்த ஒரே ஆள் அங்கே நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்தைத் திருடியதைக்கூட ஏதோ ஆசையில் செய்தாள் என்று சொல்லிவிடலாம். இதை அவள் யோசித்துச் செய்தாள். 'டேப்லெட் வாங்க முடியலையேன்னு அழுகையா வருது மது' என்று ஒரு நாள் எழுதிய வரி, இரண்டு வருஷம் கழித்து இப்படிக் கைக்கு விலங்காக வந்து சேர்ந்தது.

பேனாவை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் மதுவந்தி அவளைத் தேடி வராந்தாவுக்கு வந்தாள். கையில் தயிர்சாதப் பொட்டலம். "சாப்பிடு முதல்ல" என்று நீட்டினாள். ரம்யாஸ்ரீ வாங்கவில்லை.

"என்னை என்னடி பண்ணச் சொல்றே? எல்லார் முன்னாடியும் அப்படிக் கேட்டுட்டே. நான் என்ன, ஆமாம்னு சொல்லிட்டு மேடையை விட்டு இறங்கணுமா?"

"முதல்லயே ஏன் ஏறின?"

மதுவந்தி பொட்டலத்தைக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள். "அந்த ஊர்ல எனக்கு யாரு இருந்தா சொல்லு? குழந்தையும் நாலு சுவரும். ஒருநாள் உன் மெயில் ஒண்ணை எடுத்துப் போட்டேன். விளையாட்டாத்தான். காலையில பார்த்தா இருபது பேர் மேடம் மேடம்கறா. என்னை யாருமே அப்படிக் கூப்பிட்டதில்லை. உன் பேரைச் சொல்லணும்னு ஒவ்வொரு வாட்டியும் நெனச்சுப்பேன். அப்புறம் சொல்ல முடியாத தூரம் போயிடுத்து." நிறுத்தி, மூச்சை இழுத்துவிட்டு, கொஞ்சம் கோபத்தோடு சொன்னாள். "நீ எப்படியும் இதை வெளியில போட்டிருக்க மாட்டே. லேப் கம்ப்யூட்டர்லயே கிடந்து அழிஞ்சிருக்கும். எத்தனை பேர் கத்துண்டா தெரியுமா, அதால?"

"இருக்கலாம்" என்றாள் ரம்யாஸ்ரீ. "நல்ல படத்தை எடுத்துக்கிட்டதுகூட விடு, மது. என் தப்பெல்லாம் உன்கிட்ட மட்டுந்தான் காட்டினேன். எங்கம்மாகிட்டகூடக் காட்டல. அதுக்கு ஒன்பதுன்னு நம்பர் போட்டு ஊருக்குக் காட்டிருக்கியே."

உள்ளேயிருந்து யாரோ "மேடம்" என்று கூப்பிட்டார்கள். மதுவந்தி திரும்பிப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். அந்த ஒரு குரலுக்கு அவள் போகாமல் இருந்திருந்தால், ரம்யாஸ்ரீ அப்போதுகூட அவளை மன்னித்திருப்பாள். ரம்யாஸ்ரீக்கே அது தெரிந்திருந்தது.

பஸ் ஸ்டாப்பில் நின்றபோது சோணைமுத்து ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தான்.

"யக்கா, ஒரு நிமிஷம். அந்தப் பேனர நாந்தேன் பிரிண்ட் போட்டேன். பெருசாப் போடணும், ஓப்பன் ஃபைல் குடுங்கன்னு கேட்டேன். அந்த மேடம் அப்படியே அனுப்பிவிட்டுருச்சு. தெறந்தா நூறு லேயரு. ஒவ்வொண்ணுக்கும் பேரு. அம்மா நெத்தி, அம்மா மூக்கு, அம்மா கண்துணி. கிராமத்துக் கெழவின்னு போடச் சொல்றாங்க, உள்ள அம்மான்னு இருக்கேன்னு அப்பயே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. இன்னைக்கு நீங்க எந்திரிச்சு நின்னப்ப வெளங்கிருச்சு."

"அங்கயே சொல்லியிருக்கலாம்ல அண்ணே."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எங்க மொதலாளியும் வந்திருந்தாருக்கா. வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லலை. தப்புத்தேன்."

அவளுக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. அன்றைக்குத் தன் தப்பைத் தப்பு என்று ஒத்துக்கொண்டவன் அவன் ஒருவன்தான்.

சோணைமுத்து வீட்டுக்குப் போனதும் தன் சொந்தப் பெயரிலேயே பிளாக்கில் போய் லேயர் விஷயத்தை எழுதினான். ஒரு மணி நேரத்தில் அது அழிக்கப்பட்டது. மறுபடி எழுதினான், மறுபடி அழிந்தது. மூன்றாம் நாள் யாரும் கருத்துச் சொல்ல முடியாதபடி மதுவந்தி வாசலையே அடைத்தாள். ரம்யாஸ்ரீயும் சொந்தமாக ஒரு பிளாக் தொடங்கி, பழைய மெயில்களைத் தேதியோடு ஒவ்வொன்றாகப் போட்டாள். வந்தவர்கள் நாற்பது பேர்கூட இல்லை. அதில் ஒருவர், 'மதுவந்தி மேடத்தின் எழுத்தை இப்படி அப்பட்டமாகக் காப்பி அடிக்கிறீர்களே, வெட்கமாக இல்லையா?' என்று கேட்டிருந்தார். அதைப் படித்துவிட்டு அவள் எழுந்துபோய் முகத்தைக் கழுவினாள். திரும்பி வந்து ஒரு பெண்ணுக்குப் பின்னால் பனிமலையை வைத்தாள்.

மாசக் கடைசியில் மதுவந்தி அந்த இரண்டு படங்களையும் சத்தமில்லாமல் நீக்கினாள். எழுத்து அப்படியே இருந்தது. 'வளர்ச்சியைப் பொறுக்காத நட்புகள்' என்று ஒரு புதிய பதிவும் சேர்ந்தது. அது மட்டும்தான் அவள் சொந்தமாக எழுதியது. நன்றாகவே எழுதியிருந்தாள்.

அந்த வருஷம் முழுக்க ரம்யாஸ்ரீயால் வரைய முடியவில்லை. பிரஷ்ஷை எடுத்து முதல் திட்டு தப்பாக விழுந்ததுமே, இதை யார் பார்ப்பார்கள், எந்த நம்பர் போடுவார்கள் என்று ஒரு எண்ணம் வந்து விரலைப் பிடித்துக்கொள்ளும். தப்பே விழாமல் வரையப் பார்த்தாள். அது வரைவதாக இல்லை. போட்டோவுக்கு மேல் பிரதி எடுப்பதாக இருந்தது. லலிதாம்பாள்தான் ஒரு நாள், வலது கண்ணுக்கும் ஆபரேஷன் முடிந்து வந்து, துணி கட்டின கோலத்தில் ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "இந்தக் கண்ணையும் போடு" என்றாள். "மாறுகண்ணா வந்தாலும் பரவால்ல. எங்கிட்ட காட்டு. எனக்கு ஒன்பது தப்பெல்லாம் கண்டுபிடிக்கத் தெரியாது."

துணிக்கு வெளியே தெரிந்த ஒற்றைக் கண்ணும் மாறுகண்ணாகத்தான் வந்தது. அம்மாவிடம் காட்டினாள். அம்மா ஒற்றைக் கண்ணால் திரைக்கு மிகக் கிட்டத்தில் போய்ப் பார்த்துவிட்டு, "என்னை மாதிரி இல்ல, உங்க அத்தை மாதிரி இருக்கு" என்றாள். அதை அழிக்காமல் அடுத்ததைத் தொடங்கினாள்.

இரண்டாயிரத்துப் பத்து தை மாசம் ஒரு மெயில் வந்தது. தலைப்பு: 'ஒரு சந்தேகம்.' ரம்யா, நலமா, மாமி நலமா என்று இரண்டு வரி. பிறகு: 'நிஜமாகவே வரையலாம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன். யாருக்கும் தெரியாது. எங்கே தப்பு என்று தெரியவில்லை. உன்னைத் தவிர வேறு யாரிடமும் இதைக் காட்ட முடியாது.' கூடவே ஒரு படம். இரண்டரை வயதுப் பெண் குழந்தை. இமைமுடி ஒவ்வொன்றாகப் போட்டிருந்தது. ஒரு கண் உயரத்தில், ஒரு கண் தாழ்வில். கன்னத்தில் கரி. அது மதுவந்தியே வரைந்தது என்பதில் சந்தேகமே இல்லை.

எங்கே தப்பு என்று ரம்யாஸ்ரீக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. கையை விசைப்பலகை மேல் வைத்தாள். 'படத்தை இடம் வலமாகத் திருப்பிப் பார்' என்று தட்டினாள். அதற்குமேல் விரல் போகவில்லை. தட்டியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். படத்தை இன்னொரு தடவை பார்த்தாள். குழந்தைக்கு மதுவந்தியின் சிரிப்பு இருந்தது, அது மட்டும் சரியாக விழுந்திருந்தது. மெயிலை மூடினாள். பதில் அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை.

லேபில் அன்றைக்கு ஒரு அவசர ஆல்பம் இருந்தது. குரூப் போட்டோவில் மாப்பிள்ளையின் சித்தப்பா கண்ணை மூடியிருந்தார். அவருக்குப் பொருத்தமான கண் வேறு எந்தப் போட்டோவிலாவது கிடைக்கிறதா என்று தேடத் தொடங்கினாள்.